எல்லாரும் தூங்கிவிட்டார்கள்

நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் உலகம் முடிந்துபோனது. சாயங்காலம் நாலரை மணி இருக்கும்.

பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன். வாசல் கதவு திறந்து கிடக்கிறது. அடுப்பில் உலை பொங்கிக் கஞ்சி வழிந்து, விறகு பாதி அணைந்து புகைகிறது. அம்மா இல்லை. சித்தி இல்லை. தொட்டிலில் கிடக்கவேண்டிய தம்பியும் இல்லை. மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டிலும் ஆள் அரவம் கிடையாது. தெருவில் ஒரு கோழி மட்டும் நின்றது. கோழிக்கு இரட்சிப்பு கிடையாது என்பது எனக்குத் தெரியும்.

முந்தின வாரம்தான் எங்கள் ஊர்க் கோயில் மைதானத்தில் மூன்று நாள் கன்வென்ஷன் நடந்திருந்தது. கடைசி நாள் ராத்திரி பேசினவர், இயேசு மறுபடி வந்து தம்முடையவர்களை மேகத்துக்கு எடுத்துக்கொள்ளும் நாளைச் சொல்ல, பைபிளில் மத்தேயு 24ஐ எடுத்தார். "இரண்டு ஸ்திரீகள் எந்திரம் அரைத்துக்கொண்டிருப்பார்கள், ஒருத்தி ஏற்றுக்கொள்ளப்படுவாள், ஒருத்தி கைவிடப்படுவாள்." இட்லிப் பானை அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும், மாவு ஊற்றினவள் இருக்கமாட்டாள் என்றார். பஸ் ஓடிக்கொண்டிருக்கும், டிரைவர் இருக்கமாட்டார் என்றார். மைக் செட் குழாய் பனைமரத்தில் கட்டியிருந்ததால், கூட்டத்துக்கு வராதவர்களும் தப்பிக்க முடியவில்லை.

இப்போது அது நடந்துவிட்டது. கூடப் படிப்பவளின் ரப்பரைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தேன். காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

உறுதிப்படுத்திக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். வருகை நடந்திருந்தால் கட்டாயம் போயிருக்கக்கூடிய ஆள். கோயிலில் ஜெபம் நடத்துகிற உபதேசியார் வீடுதான் முதலில் மனசில் வந்தது. ஆனால் உபதேசியாரும் கைவிடப்பட்டிருந்தால்? அவர் வீட்டில் இருப்பதை வைத்து ஒரு முடிவுக்கு வரமுடியாது என்று ஒன்பது வயசுப் புத்தி கணக்குப் போட்டது. நேரே ஆச்சி வீட்டுக்கு ஓடினேன்.

ஆச்சி பின்வாசல் வேப்பமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து ஓலைப்பெட்டி முடைந்துகொண்டிருந்தாள்.

"ஆச்சி, நீங்க போகலியா?"

"எங்கட்டி?"

"மேகத்துக்கு."

ஆச்சி ஓலை நுனியைப் பல்லில் கடித்துக் கிழித்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பொட்டி முடியலேல்லா. நாளைக்குச் சந்தை. அதுக்குள்ள எங்க போவ?"

தெற்குத் தெருக் கிணற்றில் ஒரு கன்றுக்குட்டி விழுந்துவிட்டது. கயிறு கட்டித் தூக்குவதைப் பார்க்கத்தான் ஊரே போயிருந்தது. திரும்பி வந்த அம்மா, உலை பொங்கினதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன் என்று என்னை ஏசினாள்.

நர்சிங் படிக்கும்போது விடுதியில் ஒரு ராத்திரி இதைச் சொன்னேன். அறையில் ஐந்து பேர். மூன்று பேர் "எனக்கும்" என்றார்கள். மார்த்தாண்டத்துக்காரி ஒருத்தி, வீடு பூட்டியிருந்த ஒரு மத்தியானம் ரோட்டோரத்திலேயே முழங்கால்படியிட்டு அழுதிருக்கிறாள். அவள் வீட்டார் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள்.

இரகசிய வருகை, ஏழு வருஷ உபத்திரவம், அந்திக்கிறிஸ்து, ஆயிர வருஷ அரசாட்சி, வெள்ளைச் சிங்காசன நியாயத்தீர்ப்பு. பதினாறாம் வாய்ப்பாட்டுக்கு முன்னாலேயே எங்களுக்கு இந்த வரிசை மனப்பாடம். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் கடைசியில் ஒரே கேள்விதான்: "ஆயத்தமா இருக்கீங்களா?" ஆயத்தம் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. படுக்கும்போது அன்றைக்குச் செய்த பாவத்தையெல்லாம் வரிசையாகச் சொல்லி மன்னிப்புக் கேட்பது. கேட்டு முடித்துக் கண்ணை மூடினதும் சித்தியைப் பற்றி ஒரு கெட்ட நினைப்பு வந்துவிடும். இந்த நேரம் பார்த்து எக்காளம் ஊதிவிட்டால்? மறுபடி எழும்பி முழங்கால். ஒவ்வொரு கன்வென்ஷனிலும் கையை உயர்த்தி என்னை ஒப்புக்கொடுப்பேன். பத்தாம் வகுப்புக்குள் ஆறு தடவை இரட்சிக்கப்பட்டிருந்தேன்.

இதில் வேடிக்கை, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இந்தப் பேச்சே எழாது. "உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார்" என்று விசுவாசப்பிரமாணத்தில் வாரம் தவறாமல் சொல்வோம், மூச்சுவிடாமல், அடுத்த வரிக்கு ஓடும் அவசரத்தில். கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு ஞாயிறும் அட்வென்ட் காலம். பெத்லகேமுக்கு வந்தவரை நினைப்பதோடு மறுபடி வரப்போகிறவருக்குக் காத்திருக்கவும் சபை ஒதுக்கிய காலம் அது. எங்களுக்கோ அது வெள்ளையடிக்கிற காலம், ஸ்டார் கட்டுகிற காலம், கேரல் ரவுண்ட்ஸ் காலம். நாங்கள் காத்திருந்தது டெய்லரின் வருகைக்கு. நாளும் நாழிகையும் ஒருவனும் அறியான் என்கிற வசனம் அவர் விஷயத்தில் வருஷா வருஷம் நிறைவேறியது.

முப்பது வயசுக்கு மேல்தான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது: 'இரகசிய வருகை' என்ற சொல் பைபிளில் எங்குமே கிடையாது. கிறிஸ்து வருவார் என்பது ஆதியிலிருந்தே சபையின் விசுவாசம். 'ஆண்டவரே வாரும்' என்று பொருள்படும் 'மாரநாதா' என்ற அரமேயச் சொல்லைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதின கடிதத்தில் மொழிபெயர்க்காமலே விட்டிருக்கிறார். அந்த அளவுக்கு அது வாயில் புழங்கின ஜெபம். ஆனால் சபை முதலில் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளப்படும், அப்புறம் ஏழு வருஷ உபத்திரவம், அப்புறம்தான் எல்லாரும் காணும்படி வருவார் என்று வருகையை இரண்டாகப் பகுக்கிற போதனை 1830கள் முதல் வளர்ந்தது. அயர்லாந்தில் ஆங்கிலிக்கன் குருவாக இருந்து விலகின ஜான் நெல்சன் டார்பியும் அவரைச் சேர்ந்த பிரதரன் கூட்டத்தாரும் அதை வளர்த்தார்கள். 1909ல் அமெரிக்காவில் வந்த ஸ்கோஃபீல்டு பைபிள் அந்த விளக்கத்தை வசனத்துக்கு அடியிலேயே குறிப்பாக அச்சிட்டது. மேலே வசனம், கீழே விளக்கம், இரண்டும் ஒரே பக்கத்தில். இரண்டு தலைமுறை போனால் எது எங்கே முடிகிறது என்று யார் பார்ப்பார்கள்?

அந்தப் பிரதரன் கூட்டத்தின் தொடக்க ஆட்களில் ஒருவர் நம் பக்கமும் வந்திருக்கிறார். அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ், பல் வைத்தியர். பாக்தாதில் ஊழியம் செய்துவிட்டு 1833ல் இந்தியா வந்தார். பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்த அருளப்பன் அவரோடு சேர்ந்துகொண்டார். அந்த அருளப்பன்தான் 1840ல் வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்டியான்பேட்டையை உண்டாக்கினவர். 1860ல் அவரைச் சுற்றி எழும்பின எழுப்புதல் திருநெல்வேலிச் சீமை முழுக்கப் பரவி, பின்னால் திருவிதாங்கூருக்கும் போனது. என் ஒன்பது வயசுப் பயத்துக்கு அருளப்பனைப் பொறுப்பாளி ஆக்கமாட்டேன். ஆனால் 'வருகை நெருங்கிவிட்டது' என்கிற தவிப்பு கன்வென்ஷன் மைக் செட்டுக்கு நூறு வருஷம் முந்தியே இந்த மண்ணில் இருந்திருக்கிறது.

திருவிதாங்கூரில் அது ஒரு தேதியாகவே மாறியது. பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, கிறிஸ்தவராகி, ஆங்கிலிக்கன் குருவானவராக இருந்தவர் யுஸ்துஸ் யோசேப்பு. வித்வான்குட்டி என்பார்கள். 1881ல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். ஜனங்கள் நம்பிக் காத்திருந்தார்கள். அந்த வருஷமும் மற்ற வருஷங்களைப் போலக் கடந்துபோயிற்று. அவர் எழுதின மலையாளப் பாட்டுகள் மட்டும் இன்றைக்கும் கேரளத்துச் சபைகளில் பாடப்படுகின்றன. எங்கள் ஆஸ்பத்திரியில் மலையாளி சிஸ்டர்கள் நைட் டியூட்டியில் முணுமுணுக்கக் கேட்டிருக்கிறேன். இது தேதி குறித்துத் தோற்றவரின் பாட்டு என்று அவர்களிடம் சொன்னதில்லை. எதற்கு?

தேதி குறித்தவர்களில் என்னை அதிகம் பாதித்தவர் வில்லியம் மில்லர். நியூயார்க் மாநிலத்து விவசாயி. பிரிட்டனோடு நடந்த 1812 யுத்தத்தில் போரிட்டவர். கடவுள் நம்பிக்கை தளர்ந்திருந்து, யுத்தத்துக்குப் பின் பைபிளை ஆதியாகமம் தொடங்கி வரி வரியாகப் படித்தவர். தானியேல் 8:14ல் "இரண்டாயிரத்து முந்நூறு இராப்பகல்" என்று ஒரு கணக்கு வருகிறது. நாளை வருஷமாக எடுத்து, கி.மு. 457ல் தொடங்கி எண்ணினார். 1843 வந்தது. ஏமாற்றுக்காரர் இல்லை. ஊர் ஊராகப் போய்ப் பேசும்முன் வருஷக்கணக்காகத் தயங்கினவர். அவர் சொன்ன கெடு 1844 மார்ச்சில் தாண்டியது. அப்போது அவரைச் சேர்ந்தவர்கள் மத்தேயு 25ஐத் திறந்தார்கள். மணவாளனை எதிர்கொள்ள விளக்கோடு காத்திருக்கிற பத்துக் கன்னிகைகளின் கதை அது. புத்தியுள்ள ஐந்து பேர் கூடுதல் எண்ணெய் வைத்திருந்தார்கள், மற்ற ஐந்து பேர் வைத்திருக்கவில்லை. நடுராத்திரியில் மணவாளன் வருகிறார் என்று சத்தம் கேட்கும். "மணவாளன் வரத் தாமதித்தபோது" என்று இருக்கிறதே, இது அந்தத் தாமதக் காலம் என்றார்கள். பிறகு சாமுவேல் ஸ்னோ என்பவர் புதுக் கணக்கோடு வந்தார்: 1844 அக்டோபர் 22. இதுதான் கதையில் வருகிற நடுராத்திரிச் சத்தம் என்றார்கள். சிலர் கடையை அடைத்தார்கள். சிலர் வயலில் விளைந்ததை அறுக்காமல் விட்டார்கள்.

அன்று ராத்திரி பன்னிரண்டு அடித்தது. விடியும்வரை அழுதோம் என்று ஹைரம் எட்சன் என்பவர் பின்னால் எழுதிவைத்திருக்கிறார். இதைப் படித்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. வாசலில் நின்று மூன்று தடவை கூப்பிட்டவள் நான். அவர்கள் அழுதது நேர்மாறான காரணத்துக்கு, யாரும் போகவில்லையே என்று. அந்தக் கூட்டத்தில் மிஞ்சினவர்களிடமிருந்துதான் 1863ல் ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் சபை அமைப்பாக எழுந்தது. அவர்கள் இன்றைக்கு உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகள் நடத்துகிறார்கள். வியாதிக்காரருக்கு வார்டு கட்டுகிறவர்களாக அவர்கள் எப்படி ஆனார்கள் என்று யோசிக்கும்போது எனக்கு ஒரு ஆறுதல்.

எல்லாரும் மில்லர் இல்லை. 1992 அக்டோபர் 28 என்று நாள் குறித்தார் தென்கொரியாவின் லீ ஜாங் ரிம். ஜனங்கள் வேலையை விட்டார்கள், சொத்தை விற்றுக் கொடுத்தார்கள். அதற்கு முந்தின மாதமே அவரைப் போலீஸ் பிடித்துவிட்டது. அவர் வாங்கி வைத்திருந்த கடன்பத்திரங்கள் முதிர்வது அந்த நாளுக்கு அப்புறம்.

இனி நான் சொல்லவந்த சொல்லுக்கு வருகிறேன். 1 தெசலோனிக்கேயர் 4:17. இரகசிய வருகைக்கு ஆதாரமாக எப்போதும் காட்டப்படுகிற வசனம். "உயிரோடிருக்கும் நாமும் கர்த்தருக்கு எதிர்கொண்டுபோக, மேகங்கள்மேல் ஆகாயத்தில் அவர்களோடேகூட எடுத்துக்கொள்ளப்பட்டு" என்று இருக்கும். கன்வென்ஷனில் 'எடுத்துக்கொள்ளப்பட்டு' என்ற சொல்லில்தான் குரல் உயரும். நான் 'எதிர்கொண்டுபோக' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். மூலத்தில் இருக்கிற கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் வேறு இரண்டு இடங்களில் வருகிறது. மூன்றிலுமே நம் பழைய மொழிபெயர்ப்பு அதே தமிழைத்தான் போட்டிருக்கிறது. ஒன்று பத்துக் கன்னிகைகள் கதை. இன்னொன்று அப்போஸ்தலர் 28: பவுல் ரோமாபுரிக்கு வருகிற செய்தி கேட்டு அங்கிருந்த சகோதரர்கள் மூன்று சத்திரம்வரைக்கும் எதிர்கொண்டு வந்தார்கள். வந்து என்ன செய்தார்கள்? அவரைக் கூட்டிக்கொண்டு ஊருக்குள் போனார்கள்.

எங்கள் ஊருக்கு பிஷப் வந்தால் கிழக்கு விலக்கிலேயே மேளத்தோடு போய் நிற்போம். மாலை போட்டு, பாட்டுப் பாடி, கோயில்வரை கூட்டிவருவோம். பிஷப்பை எதிர்கொண்டு போனவர்கள் அவரோடு ஜீப்பில் ஏறிப் பாளையங்கோட்டைக்குப் போய்விட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. எதிர்கொள்வது என்றால் கூட்டிவரப் போவது. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரை எதிர்கொள்வதும் அப்படித்தான். இந்த வசனத்தை இப்படிப் படிக்கிற வேத அறிஞர்களும் உண்டு, ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. எனக்குக் கிரேக்கம் தெரியாது. தமிழ் தெரியும். ஓடிப்போவதற்கு மூட்டை கட்டிவைப்பது ஒரு ஆயத்தம், வருகிறவருக்கு வீட்டைப் பெருக்கிவைப்பது வேறு ஆயத்தம். சின்னவயசில் எனக்குச் சொல்லித்தரப்பட்டது முதலாவது.

இரண்டாவதை நான் கற்றது கோயிலில் இல்லை, வார்டில்.

ஆஸ்பத்திரி வேலையில் சேர்ந்து இரண்டாம் வருஷம். வார்டில் கிராஷ் கார்ட் என்று ஒரு தள்ளுவண்டி இருக்கும். யாருக்காவது இதயம் நின்றால், மூச்சு நின்றால் அதைத்தான் இழுத்துக்கொண்டு ஓடுவோம். அட்ரினலின், அட்ரோபின் ஆம்பூல்கள், மூச்சுக் கொடுக்கும் அம்பு பேக், தொண்டைக்குள் குழாய் போடுவதற்கு வெளிச்சம் காட்டுகிற லாரிங்கோஸ்கோப். ஒவ்வொரு ஷிஃப்ட் தொடங்கும்போதும் எல்லாவற்றையும் எண்ணி, காலாவதித் தேதி பார்த்து, லாரிங்கோஸ்கோப்பை விரித்து விளக்கு எரிகிறதா என்று பார்த்து, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடவேண்டும். நூறு நாளில் தொண்ணூற்றொன்பது நாள் அந்த வண்டி அசையாது. அதனாலேயே அன்றைக்கு நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்.

ராத்திரி மூன்று மணிக்குப் பதினாலாம் நம்பர் பெட். டாக்டர் கையை நீட்டினார், லாரிங்கோஸ்கோப்பைக் கொடுத்தேன், விரித்தார், எரியவில்லை. பேட்டரி தீர்ந்திருந்தது. டிராயரில் மாற்றுப் பேட்டரியும் இல்லை. பக்கத்து வார்டுக்கு ஓடினேன். "அக்கா, உங்க லாரிங்கோஸ்கோப்பக் குடுங்கக்கா." அந்த அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். அவருடைய வார்டில் அந்த நிமிஷம் யாருக்காவது ஆகிவிட்டால்? கொடுத்துவிட்டார். ஆனாலும் இரண்டு நிமிஷம் போய்விட்டது.

அந்தப் பெரியவர் பிழைக்கவில்லை. உன்னால் இல்லை, எப்படியும் நின்றிருக்காது என்று டாக்டர் சொன்னார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, அது உண்மையா, என்னைத் தேற்றச் சொன்னதா என்று தெரியாது. காலையில் டியூட்டி முடிந்து விடுதிக்கு வந்து பைபிளைத் திறந்தேன். எரியாத விளக்கு கண்ணிலேயே நின்றதால் மத்தேயு 25க்குப் போனேன். "உங்கள் எண்ணெயில் எங்களுக்குக் கொஞ்சம் கொடுங்கள், எங்கள் தீவட்டிகள் அணைந்துபோகிறதே." நூறு தடவை கேட்ட கதை. கன்வென்ஷனில் அதை எப்போதும் தூங்கினவர்களின் கதையாகத்தான் சொல்வார்கள்: தூங்கிவிடாதே, வந்துவிடுவார். அன்றைக்குத்தான் ஐந்தாம் வசனத்தை ஒழுங்காகப் படித்தேன். "மணவாளன் வரத் தாமதித்தபோது, அவர்கள் எல்லாரும் நித்திரைமயக்கமடைந்து தூங்கிவிட்டார்கள்."

எல்லாரும். புத்தியுள்ள ஐந்து பேரும்தான்.

தூங்கினதற்காக யாரையும் அந்தக் கதை குறைசொல்லவில்லை. கதை முடிவில் இயேசு "விழித்திருங்கள்" என்கிறார், நிஜம். ஆனால் அவர் சொன்ன கதையில் உள்ளே போன ஐந்து பேரும் நன்றாகத் தூங்கி எழும்பினவர்கள். அப்படியானால் விழிப்பு என்று அவர் சொன்னது கண்ணைத் திறந்து வைத்திருப்பதாக இருக்கமுடியாது. அது சாயங்காலமே, தூக்கம் வருமுன்னே, கடை திறந்திருக்கும்போதே எண்ணெய் வாங்கிவைத்தது. நடுராத்திரியில் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. என் சின்னவயசு ராத்திரிகளையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். படுக்கையிலிருந்து எழும்பி எழும்பி முழங்கால்படியிட்ட அந்தப் பிள்ளை தூங்கியிருக்கலாம். ரப்பரைத் திருப்பிக் கொடுத்திருந்தால் போதும்.

இன்னொன்றும் கவனித்தேன். இந்தக் கதை வருகிற அதே அதிகாரம் செம்மறியாடு, வெள்ளாடு காட்சியில்தான் முடிகிறது. பசியாயிருந்தேன், தாகமாயிருந்தேன், வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள். அவர்களோ, ஆண்டவரே, நாங்கள் எப்போது வந்தோம் என்று கேட்கிறார்கள். செய்தவர்களுக்கே தெரியவில்லை. கன்னிகைகளோடு பிரசங்கத்தை முடித்து, கையை உயர்த்தச் சொல்லி, காணிக்கைப் பாட்டுக்குப் போய்விடுகிறவர்கள் இன்னும் முப்பது வசனம் தள்ளிப் படித்தால் என்ன?

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த ஒரு அமெரிக்கக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1780 மே 19. நியூ இங்கிலாந்தில் பட்டப்பகலில் இருட்டிவிட்டது. காட்டுத்தீப் புகையும் மேகமும் சேர்ந்து சூரியனை மறைத்ததுதான் காரணம், ஆனால் அன்றைக்கு யாருக்குத் தெரியும்? கோழிகள் கூட்டில் அடைந்தன. ஜனங்கள் நியாயத்தீர்ப்பு நாள் என்றார்கள். கனெக்டிகட் சட்டமன்றத்தில் கூட்டத்தை ஒத்திவைக்கலாம் என்று பேச்சு வந்தபோது ஏப்ரகாம் டேவன்போர்ட் என்ற உறுப்பினர் எழும்பினார். நியாயத்தீர்ப்பு நாள் இல்லையென்றால் ஒத்திவைக்கக் காரணமில்லை. அந்த நாள்தான் என்றால், என் கடமையைச் செய்கிறவனாகக் காணப்பட விரும்புகிறேன். மெழுகுவர்த்தி கொண்டுவரச் சொல்லுங்கள் என்றார். நாளைக்குச் சந்தை, அதுக்குள்ள எங்க போவ என்ற குரலை எனக்கு அதில் கேட்கமுடிகிறது.

2021ல் தடுப்பூசி போட ஆரம்பித்தபோது இந்த விஷயம் மறுபடி என் வேலையோடு மோதியது. அது பைபிளின் வெளிப்படுத்தல் புத்தகம் எச்சரிக்கிற மிருகத்தின் முத்திரை, அதன் எண் 666, உள்ளே சிப் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஆடியோ சுற்றியது. எங்கள் காலத்தில் பிஸ்கட் பாக்கெட்டில் இருந்த பார்கோடு 666 ஆக இருந்தது. பிறகு கிரெடிட் கார்டு, ஆதார், இப்போது ஊசி. எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. பயத்தில் ஊசியைத் தள்ளிப்போட்ட குடும்பங்களிலிருந்து மூச்சுத்திணறி வந்தவர்களை வார்டில் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அதே ஆடியோவைச் சொந்தக்காரர் ஒருவர் 'கட்டாயம் கேளுங்கள்' என்று அனுப்பியிருப்பார்.

சித்தப்பா பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர். அறுபத்தெட்டு வயசு, சர்க்கரை வேறு. போடமாட்டேன் என்று நின்றார். நான் படித்ததையெல்லாம் எடுத்துச் சொன்னேன். 'நீரோன் கேசர்' என்ற பெயரை எபிரெய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 666 வரும் சித்தப்பா. நூன் 50, ரேஷ் 200, வாவ் 6, மறுபடி நூன் 50, கோஃப் 100, சாமெக் 60, ரேஷ் 200. சில பழைய கையெழுத்துப் படிகளில் 616 என்று இருக்கிறது, 'நீரோ' என்று கடைசி நூன் இல்லாமல் எழுதினால் அதுவும் சரியாக வருகிறது. யோவான் எழுதினது தன் காலத்து ஜனங்களுக்கு, தங்களைக் கொன்ற ரோம இராயனைப் பற்றி. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் ஒங்க சி.எஸ்.ஐ. படிப்பு, மக்ளே" என்றார்.

எனக்கு ஓய்ந்துபோயிற்று. கடைசியில், "வெளிப்படுத்தல் 13:16 என்ன சொல்லுது சித்தப்பா?" என்று கேட்டேன். பாராமல் ஒப்பித்தார். "வலதுகைகளிலாவது நெற்றிகளிலாவது ஒரு முத்திரையை..."

"நாங்க இடது தோள்லல்லா போடுதோம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மறுநாள் ஆதார் கார்டோடு வந்து இடது தோளைக் காட்டினார். நீரோவால் முடியாததை இடது தோள் செய்தது. இரண்டாவது டோஸுக்கும் வந்தார், அப்போதும் "இடதுதானே" என்று உறுதிப்படுத்திக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

ஆச்சி இதையெல்லாம் பார்க்கவில்லை. 2017 பிப்ரவரியில், தொண்ணூற்றோரு வயசில் போய்விட்டாள். கடைசி இரண்டு மாதம் படுக்கை. லீவு போட்டு நான்தான் கூட இருந்தேன். ஊருக்குப் புதிதாக வந்திருந்த சபை ஐயர் நற்கருணை கொடுக்க வந்தபோது, "ஆச்சி, ஆயத்தமா இருக்கீங்களா?" என்று குனிந்து கேட்டார். அவர் கேட்டது ஆத்துமாவைப் பற்றி. ஆச்சி கட்டிலுக்கு அடியில் விரலைக் காட்டி, "பொட்டியத் தெறந்து பாருங்க" என்றாள்.

அப்போது திறக்கவில்லை. போன பிறகுதான் அம்மா அந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். எல்லாம் அடுக்கி இருந்தது. கரையில்லாத வெள்ளைச் சேலை, அளவு தைத்த வெள்ளை ரவிக்கை, கால் கட்ட வெள்ளைத் துணி, பிரிக்காத சோப்பு, யூடிகொலோன் பாட்டில். ஒரு நோட்டுத் தாளில், பிள்ளைகள் யாரையோ எழுதச் சொல்லி வாங்கின கணக்கு: பால்காரிக்கு நாற்பது, மளிகைக் கடைக்கு நூற்றுப் பத்து, கோயில் பண்டிகை வரி பாக்கி இல்லை. அடியில் ஒரு கவர். மேலே 'என் பெட்டிக்கு' என்று எழுதியிருந்தது. உள்ளே ஏழு ஐநூறு ரூபாய் நோட்டு. பழைய நோட்டு.

மூன்று மாதத்துக்கு முன்னால்தான், 2016 நவம்பர் 8 ராத்திரி, அது செல்லாது என்று அறிவித்திருந்தார்கள். மாற்றுகிற கெடு டிசம்பர் 30ஓடு முடிந்திருந்தது. நாங்களெல்லாம் பேங்க் வாசலில் வரிசையில் நின்ற அந்த வாரம் தம்பி ஆச்சியிடம் கேட்டிருக்கிறான்: "ஆச்சி, ஐநூறு ரூவா ஏதும் வச்சிருக்கீங்களா?" "எங்கிட்ட ஏதுய்யா ரூவா" என்றுதான் சொல்லியிருக்கிறாள். அதைத் தன்னுடைய ரூபாயாக அவள் எண்ணவில்லை. பழைய நோட்டு பத்துக்கு மேல் வைத்திருந்தால் தண்டனை என்று அப்போது சட்டம் வேறு வந்திருந்தது. ஏழு என்பதால் ஆச்சி தப்பித்தாள் என்று சித்தப்பா சொன்னார். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டோம்.

பெட்டிக்கு நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். தம்பி பால்காரி வீட்டுக்கும் மளிகைக் கடைக்கும் போய்க் கொடுத்துவிட்டு வந்தான். பால்காரி அந்த நாற்பதை வாங்கவில்லை, ஆச்சி கொடுத்துவிட்டதாகச் சொன்னாளாம்.

அந்தக் கவரை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கிழித்துப்போட மனசு வரவில்லை. மூடுவதற்கு முன்னால் அம்மா அதை ஆச்சியின் பைபிளுக்குள் செருகி, பைபிளை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். "அவ ரூவாதானே. அவளே கொண்டு போகட்டும்." உபதேசியார் பார்த்தும் பார்க்காததுபோல் பாமாலைப் புஸ்தகத்தைப் புரட்டினார்.

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் தலை மேற்கே வைத்துக் கால் கிழக்கே நீட்டித்தான் புதைப்பார்கள். எழும்பும்போது அவர் வருகிற திசையைப் பார்த்து எழும்ப வேண்டுமாம். தேரி மண், வெட்ட வெட்டச் சரிந்துகொண்டே இருந்தது. குழிவெட்டினவர்களுக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக ஆனது. அதுவரை ஆச்சியைக் கோயில் வாசல் வேப்பமரத்தடியில் வைத்திருந்தோம்.